தாய்லாந்தில் ஓய்வு விசாவில் இருப்பவர் வேலை பார்க்கலாமா? புதிதாக வருபவர்களுக்குப் படிப்படியாக

பட்டாயாவை ஒட்டிய ஜோம்தியன் கடற்கரைப் பக்கம் நான் குடிவந்த மூன்றாம் மாதம் நடந்தது இது. காலையில் மொட்டை மாடியில் தனியாக ஆசனம் போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, அதே அடுக்ககத்தில் இருந்த நாலைந்து பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நாளில் விஷயம் தெருமுனை உடற்பயிற்சிக் கூடம் வரை போய்விட்டது. அதன் உரிமையாளர் வீடு தேடி வந்தார். "எங்கள் கூடத்திலேயே வாரம் மூன்று நாள் நடத்துங்கள். சம்பளம் வேண்டாமென்றால் வேண்டாம், வருகிறவர்கள் விருப்பப்பட்டதை உண்டியலில் போடட்டும்" என்றார். என் கையில் இருந்தது ஓய்வு விசா. சம்பளமே வாங்கவில்லையே, இதில் என்ன தப்பு என்றுதான் எனக்கும் தோன்றியது. வீட்டு உரிமையாளரின் மகள்தான் தடுத்தாள். "முதலில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்" என்று தன் ஸ்கூட்டரிலேயே கூட்டிப்போனாள்.

அங்கே அதிகாரி சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "கூடம் அந்த வகுப்புக்குக் கட்டணம் வாங்குமா? உங்கள் பெயரும் நேரமும் பலகையில் எழுதி மாட்டுவார்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்றேன். "அப்படியானால் அது வேலை. உங்கள் விசாவில் முடியாது" என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு மூன்று பேரை அதன்பிறகு நேரில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் தங்குவதற்கான அனுமதி வேறு, வேலை செய்வதற்கான அனுமதி வேறு. தங்குவதைக் கவனிப்பது குடிவரவுத் துறை. வேலையைக் கவனிப்பது தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் உள்ள வேலைவாய்ப்புத் துறை. ஓர் அலுவலகம் முத்திரை குத்திவிட்டது என்பதால் மற்றதில் உங்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. அப்புறம், வேலை அனுமதி எல்லா விசாவின் மீதும் கிடைக்காது. ஓய்வைக் காரணம் காட்டி வாங்கிய நீட்டிப்பில் இருக்கும்வரை அது கிடைக்கவே கிடைக்காது.

முதல் படி: உங்கள் கையில் இருப்பது எந்த விசா?

"ஓய்வு விசா" என்று எல்லாரும் பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகை இருக்கிறது. பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்.

இந்தியர்களும் இலங்கையர்களும் மலேசியர்களும் பெரும்பாலும் வைத்திருப்பது நான்-இமிகிரன்ட் ஓ என்ற விசாவும், அதன்மேல் ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் ஓய்வு நீட்டிப்பும்தான். வயது 50 ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8 லட்சம் வர வேண்டும். வங்கிப் பணத்துக்கு 2019-இல் இருந்து ஒரு கணக்கு உண்டு. விண்ணப்பிக்கும் முன் 2 மாதம், நீட்டிப்பு கிடைத்த பின் 3 மாதம் முழுத்தொகையும் அப்படியே இருக்க வேண்டும். மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாட்.

இரண்டாவது ஓ-ஏ. சொந்த நாட்டில் இருந்தபடியே விண்ணப்பித்து வாங்குவது. காவல்துறை நற்சான்றும் மருத்துவச் சான்றும் 30 லட்சம் பாட் அளவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். எந்த வேலையும் கண்டிப்பாகக் கூடாது என்று இதன் நிபந்தனையிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது.

மூன்றாவது ஓ-எக்ஸ். ஐந்தும் ஐந்துமாகப் பத்து ஆண்டு. ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா, கனடா, மேற்கு ஐரோப்பாவின் சில நாடுகள் என 14 நாட்டு பாஸ்போர்ட்காரர்களுக்கு மட்டும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. லண்டனிலோ டொராண்டோவிலோ குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இது பொருந்தும்.

நான்காவது எல்.டி.ஆர். எனப்படும் நீண்டகால வதிவு விசா. 2022 செப்டம்பர் 1 அன்று தொடங்கியது. இதில் "வசதியுள்ள ஓய்வூதியர்" என்று ஒரு பிரிவு உண்டு. ஓய்வு பெற்றவர் சட்டப்படி வேலை அனுமதியும் வாங்கிக்கொள்ள வழி விட்டிருப்பது இந்தப் பிரிவுதான். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பணம் கட்டி வாங்கும் பிரிவிலேஜ் உறுப்பினர் அட்டையை ஓய்வு விசாவுக்குப் பதிலாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் தங்குவது வசதி. ஆனால் வேலை உரிமை அதோடு தானாக வந்துவிடுவதில்லை.

இரண்டாம் படி: நீங்கள் நினைத்திருப்பது "வேலை"தானா?

ஆட்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இப்போது நடைமுறையில் இருப்பது வெளிநாட்டவர் வேலை மேலாண்மை அவசரச் சட்டம். 2017-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பின் அது "வேலை" என்பதற்குத் தரும் பொருள், முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு தொழிலைச் செய்வது. இதில் சம்பளம் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். "நான் காசு வாங்கவில்லை" என்பது உங்களைக் காப்பாற்றாது.

நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் சில சூழ்நிலைகளை வைத்தே சொல்கிறேன்.

சென்னையில் இருந்து தம்பி குடும்பம் வந்திருக்கிறது, பட்டாயாவையும் பாங்காக்கையும் சுற்றிக் காட்டுகிறீர்கள். அது உறவு, வேலை இல்லை. அதே நீங்கள் தம்பியின் நண்பர்கள் பத்துப் பேரை வேனில் ஏற்றி, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கோயிலும் தீவும் காட்டினால் அது சுற்றுலா வழிகாட்டி வேலை. வேலை அனுமதி வாங்கினால்கூட வெளிநாட்டவர் செய்ய முடியாத வேலை அது. வழிகாட்டி உரிமம் தாய் குடிமக்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் இருந்து சுற்றுலாக் குழுக்கள் நிறைய வரும் ஊர் என்பதால் இந்த ஆசை காட்டி அழைப்பவர்கள் அதிகம். தயவுசெய்து போகாதீர்கள்.

நண்பர் தோசைக் கடை வைத்திருக்கிறார், கூட்டம் அதிகமான நாளில் கல்லாவில் உட்காருகிறீர்கள். வேலைதான். கடை முன்னால் நின்று விற்பனை செய்வது தடைப் பட்டியலிலும் இருக்கிறது. சமையல்காரராக இருந்தால் முறைப்படி அனுமதி வாங்கிச் செய்யலாம். இங்குள்ள இந்திய உணவகங்களின் சமையல்காரர்கள் அப்படித்தான் வருகிறார்கள்.

பங்கு வாங்கியிருக்கிறீர்கள், ஈவுத்தொகை வருகிறது. வேலை இல்லை. பங்குதாரர் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் அதுவும் வேலை இல்லை. ஆனால் நிறுவனத்தின் இயக்குநராகி, ஆட்களை மேய்த்து, காசோலையில் கையெழுத்துப் போட்டு அன்றாடம் நடத்தினால் அனுமதி வேண்டும்.

சொந்த அடுக்கக வீட்டை ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டால் சிக்கல் இல்லை, அந்த வருமானத்துக்கு வரி உண்டு, அவ்வளவுதான். நாள் வாடகைக்கு விடுவது வேறு கதை. 30 நாளுக்குக் குறைவாக விடுவது 2004-ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டத்தின் கீழ் வந்துவிடும். அதற்கு மேல் நீங்களே சாவி கொடுத்து, படுக்கை விரித்து, விருந்தினரைக் கவனித்தால் வேலைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இணையவழி வேலை? சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள பழைய நிறுவனத்துக்கு இங்கிருந்தே கணக்குப் பார்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். "பணம் அங்கே வருகிறது, வாடிக்கையாளர் அங்கே, நான் மட்டும் இங்கே" என்பது அவர்கள் வாதம். ஆனால் இந்தச் சட்டம் அதற்கென்று ஓய்வு விசாக்காரர்களுக்கு விலக்கு எதுவும் எழுதி வைக்கவில்லை. வேலை நடக்கும் இடம் தாய்லாந்து. அப்படி வேலை பார்ப்பவர்களுக்காகவே 2024 ஜூலையில் டி.டி.வி. என்ற விசா வந்திருக்கிறது. 5 ஆண்டு செல்லும், ஒவ்வொரு வருகைக்கும் 180 நாள், 5 லட்சம் பாட் இருப்புக் காட்ட வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு மாதா மாதம் வேலை செய்து கொடுக்கப் போகிறீர்கள் என்று முன்பே தெரிந்தால், ஓய்வு விசாவை விட அதுதான் உங்களுக்கு நேரான வழி. தாய் நிறுவனத்துக்கு அதில் வேலை செய்ய முடியாது.

தொண்டு வேலை பற்றி இன்னும் கொஞ்சம். நல்ல மனதோடு வருபவர்கள்தான் இதில் அதிகம் அகப்படுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். அனாதை இல்லத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, நாய்க் காப்பகத்தில் வாரம் இரண்டு நாள் உதவுவது எல்லாமே அமைப்பின் வேலைதான். அதைச் செய்ய அந்த அமைப்பே அழைப்புக் கடிதம் கொடுத்து, தொண்டுக்கான நான்-ஓ விசாவும் அதன்மேல் வேலை அனுமதியும் வாங்க வேண்டும். ஓ-எக்ஸ் விசாக்காரர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட சில தொண்டு வேலைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். சிலோம் சாலை மாரியம்மன் கோயிலில் நவராத்திரிக்குத் தேங்காய் உடைத்து, பூத்தொடுத்து, தேரோடு நடப்பதைத் தொழில் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அது பக்தர் செய்யும் காரியம். ஆனால் எந்தக் கோயிலாக இருந்தாலும் அலுவலகத்தில் நாள்தோறும் உட்கார்ந்து கணக்கெழுத ஆரம்பித்தால், அது வேலை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன், கேட்டுக்கொண்டு செய்வேன்.

மூன்றாம் படி: தடைப் பட்டியலில் இருக்கிறதா?

வெளிநாட்டவருக்குக் கட்டுப்படுத்திய வேலைகள் 40. அதில் 27 முழுத்தடை. முடி வெட்டுதல், அழகு நிலைய வேலை, வண்டி ஓட்டுதல், தெருவில் விற்பனை, தாய் மசாஜ், வழிகாட்டி, செயலர் வேலை, சட்ட ஆலோசனை இவையெல்லாம் அதில் வரும். கணக்கியல், கட்டடப் பொறியியல், கட்டடக்கலை மூன்றும் நிபந்தனையோடு திறந்தவை. ஓய்வு பெற்ற மருத்துவர்கள் கேட்பதுண்டு. தாய் மருத்துவக் கவுன்சிலின் உரிமம் இல்லாமல் ஒரு மருந்துச் சீட்டுக்கூட எழுத முடியாது. ஆசிரியர்களுக்கு ஆசிரியர் கவுன்சிலின் அனுமதி தனியாக வேண்டும்.

நான்காம் படி: எந்த வழியில் மாறப் போகிறீர்கள்?

வேலை பார்த்தே தீரவேண்டும் என்றால், ஓய்வு நீட்டிப்பை விட்டு இறங்கி வேறு ஒன்றில் ஏற வேண்டும். மூன்று வழிகள்.

முதலாவது, எல்.டி.ஆர். பணவசதி இருந்தால் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. வயது 50 ஆகியிருக்க வேண்டும். ஓய்வூதியம், வட்டி, வாடகை போன்ற உழைக்காமல் வரும் வருமானம் ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். 40,000 முதல் 80,000 வரை என்றால் கூடவே தாய்லாந்தில் 250,000 டாலர் முதலீடு காட்ட வேண்டும். 50,000 டாலர் மருத்துவக் காப்பீடு, அல்லது வங்கியில் ஓராண்டாக 100,000 டாலர் இருப்பு. விசாக் கட்டணம் 50,000 பாட், பத்து ஆண்டுக்கு. தாய்லாந்து முதலீட்டு வாரியத்தின் இணையதளத்தில் விண்ணப்பம். இது கிடைத்துவிட்டால், 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்கு முகவரி தெரிவிக்கும் அறிக்கைக்குப் பதில் ஆண்டுக்கு ஒரு அறிக்கை போதும். வேலை அனுமதிக்கு ஆண்டுக்கு 3,000 பாட் கட்டினால் போதும், ஒரு வெளிநாட்டவருக்கு நாலு தாய் ஊழியர் என்ற விதியும் கிடையாது. வெளிநாட்டில் இருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு வரிவிலக்கும் உண்டு. ஆனால் எல்.டி.ஆர். வாங்கியவுடனே வேலை செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை அனுமதியைத் தனியாகக் கேட்டு வாங்கிய பிறகுதான்.

இரண்டாவது, மனைவியோ கணவரோ தாய் குடிமகனாக இருந்தால். ஓய்வு நீட்டிப்பை விட்டு, திருமண நீட்டிப்புக்கு மாறலாம். வங்கியில் 4 லட்சம் பாட் அல்லது மாதம் 40,000 வருமானம். திருமண அடிப்படையிலான நான்-ஓ விசாவின் மேல் வேலை அனுமதி கொடுப்பார்கள். வேலையை விட்டாலும் தங்கும் அனுமதி போகாது, ஏனென்றால் அது குடும்பத்தின் பெயரில் இருக்கிறது.

மூன்றாவது, மற்ற எல்லாருக்கும் உள்ள பொது வழி. நான்-இமிகிரன்ட் பி, அதாவது தொழில் விசா. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் என்பதால் இதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: பி விசாவும் வேலை அனுமதியும்

உங்களால் தனியாகத் தொடங்க முடியாத காரியம் இது. வேலை கொடுக்கும் நிறுவனம்தான் முன்நிற்க வேண்டும். ஆகவே முதல் வேலை, அந்த நிறுவனத்துக்கு உங்களை வைத்துக்கொள்ளத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது. பொது விதி, ஒரு வெளிநாட்டவருக்கு 20 லட்சம் பாட் செலுத்திய மூலதனமும் 4 தாய் ஊழியர்களும். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் நிறுவனப் பதிவுச் சான்றையும் சமூகக் காப்பீட்டுப் பட்டியலையும் காட்டச் சொல்லுங்கள். சங்கடப்படாதீர்கள். காட்ட மறுக்கும் இடத்தில் சேருவதை விடச் சும்மா இருப்பது மேல்.

சம்பளத்துக்கும் கீழ்வரம்பு உண்டு, நாட்டைப் பொறுத்து மாறும். பி விசாவை ஆண்டு நீட்டிப்பு செய்யும்போது இந்திய பாஸ்போர்ட்டுக்கு மாதம் 35,000 பாட், சிங்கப்பூருக்கு 45,000, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பாவுக்கு 50,000. "பகுதி நேரம், மாதம் பத்தாயிரம்" என்ற பேச்சு ஏன் நடக்காது என்பது இதில் புரிந்திருக்கும்.

நிறுவனம் முதலில் வேலைவாய்ப்புத் துறையில் உங்கள் பெயரில் முன்விண்ணப்பம் போட்டு ஒப்புதல் கடிதம் வாங்கும். அந்தக் கடிதத்தோடு நீங்கள் வெளிநாட்டில் உள்ள தாய் தூதரகத்தில் பி விசா கேட்பீர்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையிலேயே தாய் துணைத் தூதரகம் இருக்கிறது. விண்ணப்பம் இப்போது இணையவழியில். உள்நாட்டிலேயே மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் முகவர்கள் இருப்பார்கள். நான் பார்த்தவரை வெளியே போய் முறையாக வாங்கி வருவதுதான் நிம்மதி.

பி விசாவில் உள்ளே வந்த பிறகு வேலை அனுமதி விண்ணப்பம். பாஸ்போர்ட், புகைப்படம், கல்விச் சான்று, முன் அனுபவக் கடிதம், வேலை ஒப்பந்தம், நிறுவனத்தின் ஆவணங்கள். 2025 அக்டோபரில் இருந்து இது இணையவழிக்கு மாறிவிட்டது. பல ஆண்டுகளாக எல்லாரும் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்த நீலப் புத்தகத்துக்குப் பதில் அட்டை தருகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் 100 பாட், அனுமதிக் கட்டணம் 3 மாதத்துக்கு 750, 6 மாதத்துக்கு 1,500, ஓராண்டுக்கு 3,000.

மருத்துவச் சான்று ஒன்றும் கேட்பார்கள். சாதாரண உடல்தகுதிச் சான்று போதாது. தொழுநோய், காசநோய், யானைக்கால், முற்றிய மேகநோய், போதைப் பழக்கம், மதுப் பழக்கம் ஆகிய ஆறும் இல்லை என்று தனித்தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். மருத்துவமனை வரவேற்பில் "வேலை அனுமதிக்கு" என்று சொன்னாலே அந்தப் படிவத்தை எடுத்துவிடுவார்கள். அந்தச் சொல்லை விட்டுவிட்டால் வேறு படிவம் வரும், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

இதற்கிடையில், அனுமதி கையில் வரும்வரை வேலையைத் தொடங்கக் கூடாது. "பயிற்சி மட்டும்", "சும்மா வந்து பாருங்கள்" என்று அழைப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் வேலைதான்.

ஆறாம் படி: அனுமதி வந்த பிறகு

அட்டையை வேலை நேரத்தில் உடன் வைத்திருங்கள். சோதனைக்கு வந்தால் காட்டத் தெரிய வேண்டும். இன்னொரு நிறுவனத்திலும் வேலை சேர்ந்தாலோ முதலாளி மாறினாலோ 15 நாளுக்குள் வேலைவாய்ப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வேலை விசாவுக்கு மாறியதால் வீட்டு முகவரி விதிகள் போய்விடாது. வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய டி.எம். 30 பதிவும் நீங்கள் கொடுக்கும் 90 நாள் அறிக்கையும் அப்படியேதான். ஊருக்குப் போகும் முன் மறுநுழைவு அனுமதி வாங்க மறக்காதீர்கள், ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. வாங்காமல் விமானம் ஏறினால் நீட்டிப்பு அன்றோடு போச்சு.

வயதானவர்கள் கவனிக்க ஒன்று. தாய் சமூகக் காப்பீட்டில் ஊழியராகப் புதிதாகச் சேர வயது வரம்பு 60. அறுபதைத் தாண்டி வேலையில் சேருகிறவருக்கு மருத்துவமனை அட்டை கிடைக்காது. வேலை கிடைத்துவிட்டதே என்று பழைய மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதில் விட்டதைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

திரும்பி வரும் வழியையும் முன்கூட்டியே போட்டு வையுங்கள். வேலை முடியும் நாளோடு வேலையின் பெயரில் வாங்கிய தங்கும் நீட்டிப்பும் முடிந்துவிடும். மறுபடி ஓய்வு நீட்டிப்புக்கு வர வேண்டுமென்றால் அந்த 8 லட்சம் பாட் குறைந்தது 2 மாதமாவது வங்கியில் கிடந்திருக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே பணத்தைப் போட்டுவிடுங்கள். குடிவரவு அலுவலகத்துக்குப் போகும் நாள் காலையில் வங்கிக்குப் போய் ஒரு நூறு பாட் போட்டு, பாஸ்புக்கை இயந்திரத்தில் கொடுத்து அன்றைய தேதி விழச் செய்யுங்கள். வங்கிக் கடிதமும் அன்றையதாக இருக்கட்டும். நகல் ஒவ்வொன்றிலும் நீல மையில் கையெழுத்து. ஜோம்தியன் ஐந்தாம் சந்து அலுவலகத்தில் என் முன்னால் நின்ற ஒரு பெரியவருக்கு எட்டு லட்சத்துக்கு மேலேயே இருந்தது. பாஸ்புக்கின் கடைசி வரி மட்டும் மூன்று வாரம் பழையது. அந்த வெயிலில் அவர் திரும்ப வங்கிக்கு நடந்ததை நான் மறக்கவில்லை.

பிடிபட்டால் என்ன ஆகும்?

அனுமதி இல்லாமல் வேலை செய்தவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம். 2018 திருத்தத்தில் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டு யாரும் நிம்மதி அடைய வேண்டாம், அபராதத்தோடு நாட்டை விட்டு அனுப்புவார்கள், அடுத்த 2 ஆண்டுக்கு வேலை அனுமதி கேட்க முடியாது. வீடு, சாமான், வங்கிப் பணம் எல்லாம் இங்கே இருக்க, அறுபத்தைந்து வயதில் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வேலை கொடுத்தவருக்கு ஆளுக்கு 10,000 முதல் 100,000 பாட் வரை. மறுபடி செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 50,000 முதல் 200,000 பாட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கூடவே 3 ஆண்டுக்கு வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கத் தடை.

இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. "தாய் ஆள் பெயரில் கம்பெனி போட்டு, நீங்கள் பின்னால் இருந்து நடத்துங்கள்" என்று யோசனை சொல்வார்கள். 1999-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் தொழில் சட்டத்தில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் பாட் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயர் கொடுத்த தாய் நண்பரும் சேர்ந்தே மாட்டுவார்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக

ஓர் ஆண்டில் 180 நாள் இங்கே இருந்தாலே நீங்கள் வரிக்கணக்கில் தாய்லாந்துவாசி. 2024 ஜனவரி 1-க்குப் பிறகு ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக்கணக்கில் வரும். அதற்கு முன் சேர்த்த சேமிப்புக்கு இது இல்லை. வேலை பார்க்கத் தொடங்கினால் சம்பளத்தில் இருந்து நிறுவனமே பிடித்துவிடும், ஆனால் ஊர் ஓய்வூதியத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவது உங்கள் பொறுப்பு. ஊரில் ஏற்கனவே வரி கட்டியிருந்தால் அதன் சான்றுகளை எடுத்து வையுங்கள்.

கேட்கப் போகும்போது

பாங்காக்கில் குடிவரவு அலுவலகம் சேங் வத்தனா அரசு வளாகத்தில். மாகாணங்களில் மாகாண வேலைவாய்ப்பு அலுவலகம் தனியாக இருக்கும். குடிவரவுத் துறைக்கு 1178, வேலைவாய்ப்புத் துறைக்கு 1694 என்ற எண்களில் கேட்கலாம். நேரில் போவதே நல்லது, தாய்லாந்து மொழி தெரிந்த ஒருவரோடு. பன்னிரண்டு மணிக்கு முன் போங்கள், ஒரு மணி வரை சாப்பாட்டு இடைவேளை.

போகும் முன் ஒரு தாளில் நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். என்ன செய்யப் போகிறேன், எந்த இடத்தில், யாருக்காக, அதற்கு யாரிடம் யார் பணம் வாங்குகிறார்கள். கூடவே பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கம், கடைசி நீட்டிப்பு முத்திரை மூன்றின் நகல். "வேலை செய்யலாமா" என்று பொதுவாகக் கேட்டால் முடியாது என்ற பதில்தான் வரும். இந்தத் தாளைக் காட்டிக் கேட்டால், எதை மாற்றினால் முடியும் என்றும் சொல்வார்கள். எனக்கு அந்த அதிகாரி அப்படித்தான் சொன்னார். கூடம் வேண்டாம், பலகை வேண்டாம், உண்டியல் வேண்டாம், உங்கள் மாடியில் நீங்கள் ஆசனம் போடும்போது பக்கத்து வீட்டார் பக்கத்தில் நின்று செய்தால் அதில் எங்களுக்கு எதுவும் இல்லை என்றார். இன்றும் காலை ஆறு மணிக்கு மாடியில் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம்.